ஹோம்ல விட்டவங்களுக்கு கேஸ் போட உரிமை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் இல்லத்துல பெரியவங்கள அடிச்சாங்க, பட்டினி போட்டாங்க, உடம்பெல்லாம் புண்ணோட மீட்டாங்கன்னு எப்ப செய்தி வந்தாலும் "போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்"னு முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் அந்த குடும்பம் எங்க போச்சு, என்ன பண்ணுச்சு, ஏதாவது கிடைச்சுச்சான்னு எந்த பேப்பர்லயும் வர்றதில்ல, உங்க பேப்பரையும் சேத்துதான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. படிக்கறவங்க மனசுல என்ன நிக்குதுன்னா போலீஸ் ஒண்ணுதான் வழி, அவங்க கண்டுக்கலன்னா தலைவிதின்னு விட்டுட வேண்டியதுதான்னு. எங்க வீட்டுல நடந்ததுக்கு அப்புறம் நானும் என் வீட்டுக்காரரும் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி தெரிஞ்சுக்கிட்டத எழுதறேன். நீளமாத்தான் இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

எங்க அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. தூக்கி உக்கார வைக்கவே ரெண்டு பேர் வேணும். நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்க, வீட்டுக்கு வச்ச ஆளுங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் நின்னுட்டாங்க, கடைசியில ஒரு ஹோம்ல சேத்தோம். மாசம் 22 ஆயிரம், டெபாசிட் 1 லட்சம், டயாப்பரும் மருந்தும் தனி. ஹோம் பேர நான் எழுதல, கேஸ் இன்னும் நடந்துட்டு இருக்கு.

போகும்போதெல்லாம் அத்தைய குளிப்பாட்டி பொட்டு வச்சு சேர்ல உக்கார வச்சிருப்பாங்க. பவுடர் வாசம் மட்டும் தூக்கலா இருக்கும். ஒரு நாள் சொல்லாம போனப்பதான் தெரிஞ்சது எதுக்கு அவ்வளவு பவுடர்னு. இடுப்புக்கு கீழ தண்டுவட நுனியில உள்ளங்கை அகலத்துக்கு புண்ணு, நைட்டி துணி அதுலயே ஒட்டிக்கிட்டு இருக்கு, நான் இழுக்கவும் அத்தை கத்தல, வாயில முந்தானைய கடிச்சுக்கிட்டாங்க. மேஜை டிராயர திறந்தா நாங்க வாங்கி குடுத்த பிபி மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே இருக்கு, பில்லுல மட்டும் மாசா மாசம் மருந்து குடுத்த சர்வீஸ் சார்ஜ். மேனேஜர் கூலா சொல்றாரு, "வயசானவங்க மேடம், படுத்த படுக்கையா இருந்தா இதெல்லாம் வர்றதுதானே"ன்னு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் நான் எழுதவே காரணம். கேஸ் போடலாம்னு பேச்சு எடுத்ததும் எங்களுக்கு எதிரா மொத வந்தது ஹோம் ஆளுங்க இல்ல, சொந்தக்காரங்கதான். "வீட்டுல வச்சு பாக்க துப்பில்ல, இப்ப கோர்ட்டு ஒரு கேடா", "ஊரு சிரிக்கும்", "மருமக கொண்டு போய் தள்ளுனான்னுதான் பேசுவாங்க". வீட்டுக்காரரே ரெண்டு நாள் வாய தொறக்கல. ஹோம் நடத்துறவங்களுக்கு இது நல்லா தெரியும் சார். பெத்தவங்கள கொண்டு வந்து விட்டவன் வெளியில சத்தம் போட மாட்டான், தலைய குனிஞ்சுக்கிட்டு கூட்டிட்டு போயிடுவான்ங்கற தைரியத்துலதான் அவங்க பொழப்பு ஓடுது. பாத்துக்க முடியாம காசு குடுத்து ஒரு இடத்துல சேத்தது சட்டப்படி தப்பே கிடையாது, காசு வாங்கிட்டு பாக்காம விட்டதுதான் தப்பு, இத நானும் என் வீட்டுக்காரரும் ஒருத்தருக்கொருத்தர் பல தடவ சொல்லி சொல்லித்தான் படியேறினோம்.

மொதல்ல ஒரு தப்பான நம்பிக்கைய சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் அங்கதான் போவாங்க. 2007ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம், அதான் வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆபீஸ்ல தீர்ப்பாயம் நடக்குமே, அது பிள்ளைங்க மேலயும் சொத்துக்கு வாரிசா வரப்போற சொந்தக்காரங்க மேலயும் பெரியவங்க ஜீவனாம்சம் கேக்கறதுக்கு. மாசம் அதிகபட்சம் 10 ஆயிரம் வரைக்கும் ஆர்டர் போடுவாங்க. ஹோம் மேல மனு குடுத்தா அங்க ஒண்ணும் நடக்காது, திருப்பி அனுப்பிடுவாங்க, இல்லன்னா "அப்ப நீங்க ஏன் பாத்துக்கல"ன்னு உங்களையே கேப்பாங்க. அந்த சட்டத்துல ஹோமுக்கும் பொருந்தற மாதிரி எனக்கு தெரிஞ்சது 24வது பிரிவு, பெரியவங்கள பாதுகாக்கற பொறுப்புல இருக்கற யாரா இருந்தாலும் அவங்கள ஒரேயடியா கைகழுவற எண்ணத்தோட எங்கயாவது விட்டுட்டு போனா 3 மாசம் ஜெயில் இல்ல 5000 ரூபா அபராதம், இல்ல ரெண்டும். பீஸ் வரலன்னு பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுட்டு போற ஹோமுக்கு இது பொருந்தும். மத்தபடி அடி, புண்ணு, பட்டினி இதுக்கெல்லாம் வேற கதவுதான்.

அந்த கதவுல பெருசு, அதே சமயம் யாரும் தட்டாதது, நுகர்வோர் கோர்ட்டு. ஃப்ரிட்ஜ் ரிப்பேர், பில்டர் வீடு குடுக்கல, இதுக்குத்தான் அதுன்னு நெனச்சுட்டு இருக்கோம். காசு வாங்கிட்டு பராமரிப்புன்னு ஒரு சேவைய குடுக்கறவங்க அத ஒழுங்கா குடுக்கலன்னா அது சேவைக் குறைபாடு, அவ்வளவுதான் விஷயம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி காசு கட்டினவங்களும் நுகர்வோர், அவங்க சம்மதத்தோட அந்த சேவைய அனுபவிச்சவங்களும் நுகர்வோர், அதனால பணம் கட்டின மகனும் போடலாம், படுக்கையில இருக்கற அம்மாவும் போடலாம், அம்மா இறந்துட்டா சட்டப்படி வாரிசு போடலாம். ஹோம் இருக்கற ஊருக்கு அலைய வேண்டியதில்ல, நீங்க குடியிருக்கற இல்ல வேலை பாக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே (கோர்ட்டுன்னு நாம சொல்றது அததான்) போடலாம், இது 2019ல புதுசா வந்த வசதி. ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம், விசாரணைய வீடியோல வைக்க சொல்லியும் கேக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்ல.

கட்டணம் எவ்வளவு இருக்குமோன்னு பயந்துட்டு இருந்தோம். அங்க கணக்கு பாக்கறது நீங்க எவ்வளவு நஷ்ட ஈடு கேக்கறீங்கங்கறத வச்சு இல்ல, அந்த சேவைக்கு நீங்க எவ்வளவு கட்டினீங்கங்கறத வச்சுதான். 5 லட்சம் வரைக்கும் கட்டியிருந்தா கோர்ட் கட்டணம் ஒரு ரூபா கூட கிடையாது. 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையமே பாக்கும். ஆக எங்கள மாதிரி மாசம் 20, 22 ஆயிரம் கட்டுன குடும்பத்துக்கு, மொத்தம் கட்டினது 5 லட்சத்த தாண்டாத வரைக்கும் இது இலவசமா போடற கேஸ். கெடு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, பிரச்சனை நடந்ததுல இருந்து 2 வருஷம். அதுக்கு மேல போனா ஏன் லேட்டுன்னு காரணம் காட்டி மனு போட்டு கெஞ்சணும். எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், கேட்டா கூட 15 நாள், அதுக்கு மேல ஆணையமே குடுக்க முடியாதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கேஸ் சீக்கிரம் முடியும்னு நான் சொல்ல மாட்டேன், சட்டத்துல மூணு மாசம்னு எழுதியிருக்கு, வாய்தாவுக்கு போயி உக்காந்தா தெரியும் அது எந்த மூணு மாசம்னு.

ஹோம்காரங்க இதுல தப்பிக்க பாக்கற வழி ஒண்ணு இருக்கு. இலவசமா பண்ற சேவை இந்த சட்டத்துக்குள்ள வராது. அதனால சில இடங்கள்ல மாசக் கட்டணத்துக்கு ரசீது கேட்டா "நன்கொடை"ன்னு போட்டு குடுப்பாங்க, நாளைக்கு கேஸ் வந்தா நாங்க தர்ம ஸ்தாபனம், அவங்களா பாத்து குடுத்ததுன்னு சொல்லிக்கலாம் பாருங்க. பணத்த எப்பவும் பேங்க் மூலமா அனுப்புங்க, அனுப்பும்போது எந்த மாசத்து பராமரிப்பு கட்டணம்னு குறிப்புல எழுதுங்க, வாட்ஸ்அப்ல "இந்த மாச பீஸ் அனுப்பிட்டேன்"னு ஒரு வரி போட்டு அவங்க "ஓகே சார்"னு சொல்றத வாங்கி வச்சுக்கங்க. சேக்கும்போது கையெழுத்து வாங்கற ஃபார்ம்ல "உடல்நிலையில் ஏற்படும் எந்த பாதிப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி இருக்கும், எங்ககிட்டயும் அத காட்டித்தான் மிரட்டுனாங்க. அந்த வரி இருக்குங்கறதுக்காக பாக்காம விட்ட பொறுப்புல இருந்து தப்பிச்சுட முடியாது, தாராளமா கேஸ் போடலாம். டெபாசிட்ட திருப்பி குடுக்கறதுக்கு "எங்கள் மேல் எந்த புகாரும் இல்லை"ன்னு எழுதி கேப்பாங்க, அதுல மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க.

இப்ப ஆதாரம். புண்ணு ஆறிடும், இல்ல ஆளே போயிடுவாங்க, காகிதம்தான் நிக்கும். அத்தைய அங்கிருந்து தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போனோம், அங்க சேக்கும்போதே டாக்டர்கிட்ட, வரும்போதே இந்த புண்ணு இருந்ததுன்னும் அளவு, எத்தனாவது ஸ்டேஜ்னும் எழுத சொல்லி கேட்டோம், நாலாவது ஸ்டேஜ், அதாவது இருக்கறதுலயே மோசமான நிலைன்னு எழுதுனாரு. அடி, காயம், எலும்பு முறிவுன்னா அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில ஏஆர் என்ட்ரி, அதான் விபத்துப் பதிவேட்டுல பதிவு, போட சொல்லுங்க, யாரு சொன்னா என்ன சொன்னாங்கன்னு அதுல பதிவாகும், பின்னாடி கதைய மாத்த முடியாது. போட்டோ எடுத்தா பக்கத்துல ஸ்கேல் இல்ல ஒரு காசு வச்சு எடுங்க, எடுத்த போன மாத்தாதீங்க அழிக்காதீங்க, கோர்ட்டுல எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு தனியா சர்டிபிகேட் குடுக்கணும், புது சாட்சிய சட்டத்துல அது 63வது பிரிவு. சிசிடிவி இருந்தா அத அழிக்காம வைக்கணும்னு அன்னைக்கே மெயில்லயோ பதிவுத் தபால்லயோ எழுதி அனுப்பிடுங்க, இல்லன்னா தானா மேல மேல பதிவாகி போயிடும்.

அவங்ககிட்ட இருக்கற ரெக்கார்டையும் கேளுங்க. கேஸ்ல எதிர்த்தரப்பு எங்களுக்கு குடுத்த பேப்பர் கட்டுல, படுக்கைப் புண்ணு வராம இருக்க அத்தைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ இடது பக்கம் வலது பக்கம் திருப்பி படுக்க வச்சதா ஒரு சார்ட் இருந்தது. அழகா டிக், பக்கத்துல சுருக்கெழுத்து. மொத தடவ பாத்தப்ப வயித்தக் கலக்குச்சு, இவ்வளவு பண்ணியிருக்காங்களே, நாமதான் அவசரப்பட்டுட்டோமோன்னு. ராத்திரி தேதிய ஒவ்வொண்ணா பாத்துட்டு வந்தா, அத்தை ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி படுத்திருந்த ராத்திரியிலயும் அதே டிக், பத்து மணி இடது, பன்னெண்டு மணி வலது, ரெண்டு மணி இடதுன்னு. ஒரே பேனா, ஒரே கை. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியையும் அந்த சார்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஃபைல் பண்ணியிருக்கோம். எங்க ஊர்ல எல்லாரும் சொல்ற மாதிரி டாக்டர் நிபுணர் சாட்சி இல்லாம நிக்காதுன்னு பயப்படாதீங்க, எல்லா கேஸ்லயும் நிபுணர் வேணும்னு அவசியமில்லன்னு 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

போலீஸ் பக்கம் வர்றேன். ஸ்டேஷன்ல எங்களுக்கு கிடைச்ச மொத பதில் "ஏம்மா, வயசானவங்க, இதுல என்ன கேஸ் இருக்கு". கேஸ் இருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசிக்கு பதிலா பிஎன்எஸ் வந்துடுச்சு இல்லியா, அதுல 357னு ஒரு பிரிவு, நோயாலயோ பலவீனத்தாலயோ தன்ன தானே பாத்துக்க முடியாத ஒருத்தர கவனிச்சுக்கறேன்னு ஒப்பந்தம் போட்டவங்க வேணும்னே கவனிக்காம விட்டா அது குற்றம். தண்டனை சின்னதுதான், 3 மாசம் இல்ல 5000 ரூபா, ஆனா ஹோம்காரங்களுக்கு அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி பிரிவு, பேரு கூட நெறைய பேருக்கு தெரியாது. அதோட 125, உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி அஜாக்கிரதையா நடந்து கொடுங்காயம் ஆனா 3 வருஷம் வரைக்கும். கொடுங்காயம்னா எலும்பு முறியணும்னு இல்ல, 15 நாளைக்கு கடுமையான உடல் வலியில கஷ்டப்பட்டாலும் அது கொடுங்காயம்தான், நாலாவது ஸ்டேஜ் புண்ணு வந்தவங்கள கேளுங்க 15 நாள் எம்மாத்திரம்னு. அடிச்சா 115, கட்டிப்போட்டா ரூம்ல பூட்டி வச்சா 127, நகை காணாமப்போனா அங்க வேலை பாக்கறவங்க மேல திருட்டு. அலட்சியத்தால உயிர் போனா 106, 5 வருஷம் வரைக்கும். டாக்டர்ஸ் மேல அலட்சிய கேஸ்னா மொத இன்னொரு டாக்டர் கருத்து வாங்கணும்னு இருக்கற பாதுகாப்ப காட்டி சில ஸ்டேஷன்ல நம்மள அனுப்பிடறாங்க, அது டாக்டர்களுக்கு சொன்னது, ஹோம் ஓனருக்கும் மேனேஜருக்கும் இல்ல.

மனு குடுத்தா சிஎஸ்ஆர், அதான் புகார வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கற ரசீது, அத வாங்காம வெளிய வராதீங்க. எஃப்ஐஆர் போட மாட்டேன்னா அதே மனுவ எஸ்பிக்கு, சிட்டின்னா கமிஷனருக்கு, பதிவுத் தபால்ல அனுப்பணும், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டுல போயி எஃப்ஐஆர் போட உத்தரவு கேக்கலாம். இதுக்கு வக்கீல் வேணும், காசில்லன்னா ஜில்லா கோர்ட் வளாகத்துலயே இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க. பெண்களுக்கும், எஸ்சி எஸ்டி பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்வாங்க.

பெரியவங்களுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தா இன்னொரு பலமான கதவு இருக்கு. பக்கவாதம் வந்து கை கால் விளங்காதவங்களுக்கு அட்டை எடுக்கலாம், நெறைய வீட்டுல வயசானவங்களுக்கு எதுக்குன்னு எடுக்காமலே விட்டுடறோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்துல 92வது பிரிவு, தன் பொறுப்புல இருக்கற மாற்றுத்திறனாளிக்கு தெரிஞ்சே சோறோ தண்ணியோ குடுக்காம விட்டா குறைஞ்சது 6 மாசம், அதிகபட்சம் 5 வருஷம். பெட்ட நனைச்சுடறாங்கன்னு சாயங்காலம் 5 மணிக்கு மேல தண்ணியே குடுக்காத ஹோம் எத்தனை இருக்குன்னு அங்க பெத்தவங்கள வச்சிருக்கறவங்களுக்கு தெரியும். அதே சட்டத்துல 7வது பிரிவுப்படி கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்ச யாரு வேணும்னாலும், சொந்தமா இருக்கணும்னு கூட இல்ல, நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு (ஆர்டிஓ, தாசில்தார் மாதிரி அதிகாரி) தகவல் குடுக்கலாம், அவரு மீட்க உத்தரவு போடலாம். ஞாபகமறதி நோய் வந்தவங்கள சேத்து வைக்கற இடம்னா 2017 மனநல சட்டப்படி பதிவு வேணுமாங்கறதையும் கேளுங்க, மனநல நிலையம்னு வர்ற இடத்த பதிவில்லாம நடத்துனா மொத தடவையே 5 ஆயிரத்துல இருந்து 50 ஆயிரம் வரைக்கும் அபராதம்.

பாக்கவே விடலன்னா? "பேஷன்ட் தூங்கறாங்க, வேற பிராஞ்சுக்கு மாத்திட்டோம், அடுத்த வாரம் வாங்க"ன்னு இழுத்தா நாள் கடத்தாதீங்க, ஆள கோர்ட்டுல கொண்டு வந்து காட்ட சொல்லி ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு போடலாம். 2023 பிப்ரவரியில விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூர் ஆசிரமம் விவகாரம் எப்படி வெளிய வந்துச்சு? அங்க சேத்த ஒரு பெரியவர காணோம்னு அவரு குடும்பத்து தரப்புல இருந்து ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு போட்டதுல ஆரம்பிச்சதுதான். போலீஸ் உள்ள போயி பாத்தா உரிமமே இல்லாம நடக்குது, நூத்துக்கும் மேல ஆளுங்கள மீட்டாங்க, கேஸ் சிபிசிஐடிக்கு போச்சு. அதுவரைக்கும் பல வருஷமா போர்டு மாட்டி நடந்துட்டு இருந்த இடம் அது. ஒரு குடும்பம் வெக்கப்படாம கேட்டதால மத்த குடும்பங்களுக்கும் விடிஞ்சது.

பெரியவங்க பக்கத்தையும் சொல்லணும். அத்தைகிட்ட மொத ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு, "நீ சொல்லிட்டு வீட்டுக்கு போயிடுவ, ராத்திரி அவங்க கையிலதானே நான் இருக்கணும்"னாங்க. இதுக்கு மேல என்ன கேக்கறது. அதனால உள்ள ஆள வச்சுக்கிட்டு சண்டைய ஆரம்பிக்காதீங்க. மொதல்ல ஆள வெளிய கொண்டு வாங்க, பாக்கி பீஸ் கட்டுனாத்தான் விடுவேன்னு தடுத்தா அதுவே அடைச்சு வச்ச குற்றம், 100க்கு போன் போடுங்க. முதியோர் உதவி எண் 14567ம் இருக்கு. அப்புறம் பெரியவங்களுக்கு புத்தி தெளிவா இருந்தா அவங்க சம்மதத்தோட, அவங்க வாயால சொன்னத எழுதி கையெழுத்தோ ரேகையோ வாங்கித்தான் புகார் குடுக்கணும். எங்க கேஸ்ல அத்தை இடது கையால ரேகை வச்சாங்க. வச்சுட்டு, "பேப்பர்ல என் போட்டோ போடாதீங்கடா"ன்னாங்க.

இறந்து போன பிறகு சந்தேகம் வந்தா இன்னும் கஷ்டம். ஹோம்ல இருந்து ராத்திரி போன் வரும், நெஞ்சு வலின்னு சொல்வாங்க, அவங்களே ஆம்புலன்ஸ், அவங்களே டாக்டர் சர்டிபிகேட், காலையில எடுத்துடலாம்னு அவசரப்படுத்துவாங்க. நம்ம பழக்கமும் அப்படித்தான், பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும். உடம்புல காயமோ, கட்டுன தழும்போ, ஆள் பாதியா இளைச்சுப் போயிருக்கறதோ கண்ணுல பட்டா எடுக்கறதுக்கு முன்னாடி போலீசுக்கு போங்க, சந்தேக மரணம்னு எழுதிக் குடுத்தா பிஎன்எஸ்எஸ், அதான் பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த சட்டம், அதோட 194வது பிரிவுல விசாரணையும் அரசு ஆஸ்பத்திரியில போஸ்ட்மார்ட்டமும் நடக்கும். செத்தவங்கள அறுக்கணுமான்னு பத்து பேர் கேப்பாங்க. சுடுகாட்டுக்கு போயிட்டா அப்புறம் நிரூபிக்க ஒண்ணுமே மிஞ்சாதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்க அங்க இந்திய தூதரகத்துல பவர் எழுதி இங்க நம்பிக்கையான ஒருத்தருக்கு குடுத்து வைக்கறது நல்லது, கேஸ ஆன்லைன்ல போட்டாலும் கையெழுத்துக்கும் ஆஜருக்கும் இங்க ஒரு ஆள் வேணும்.

கடைசியா அரசாங்கத்துக்கு. ஹோமுக்கெல்லாம் பதிவு, குறைஞ்சபட்ச தரம் இதெல்லாம் நாடு முழுக்க கட்டாயமாக்கற மாதிரி அந்த 2007 சட்டத்துக்கு 2019 டிசம்பர்ல மக்களவையில ஒரு திருத்த மசோதா கொண்டு வந்தாங்க, நிலைக்குழுவுக்கு போச்சு, அந்த மக்களவை 2024ல முடிஞ்சதோட மசோதாவும் காலாவதி. அஞ்சு வருஷம் கையில வச்சிருந்து விட்டாங்க, எந்த கட்சியும் இதுக்காக ஒரு நாள் சபைய முடக்கின மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல. டெல்லி எப்பவோ பண்ணட்டும், நம்ம சமூக நலத்துறை நாளைக்கே ஒண்ணு பண்ணலாம். எந்தெந்த இல்லத்துக்கு பதிவு இருக்கு, எப்ப ஆய்வுக்கு போனாங்க, என்ன குறை எழுதுனாங்கங்கறத மாவட்ட வாரியா வெளியில போடலாம். சாப்பாட்டு கடைக்கு ரெய்டு போனா போட்டோவோட செய்தி குடுக்கற அதிகாரிங்களுக்கு இது பெரிய வேலையா? அதுவரைக்கும் ஒரு வழி, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போடுங்க, 30 நாள்ல பதில் குடுத்தாகணும். பெத்தவங்கள சேக்கறதுக்கு முன்னாடியே போடலாம், சேத்த பிறகும் போடலாம். நாங்க எங்க ஹோமுக்கு மட்டும் போட்டா யாருன்னு தெரிஞ்சுடும்னு மாவட்டத்துல இருக்கற மொத்த இல்லத்துக்கும் சேத்து ஆய்வு அறிக்கை நகல் கேட்டு போட்டிருக்கோம், பதில் வந்ததும் உங்களுக்கும் ஒரு நகல் அனுப்பறேன்.

என் பேர போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி